அநாதைகள் தேவை

மெல்பர்னிலோ மான்செஸ்டரிலோ பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பிள்ளைக்கு, பல்கலைக்கழகம் திறக்க இன்னும் நாள் இருக்கிற நேரத்தில், உலகத்தின் மீது இரக்கம் பிறக்கிறது. நல்ல விஷயம்தான். நம் காலத்தில் வெயிலில் கிரிக்கெட் ஆடிப் பொழுதைப் போக்கினோம். இரக்கம் பிறக்க வசதி இருக்கவில்லை.

இப்போது இரக்கத்துக்கு இணையத்தில் கடை இருக்கிறது. வாரக்கணக்கில் தருகிறார்கள். முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கம்போடியா, நேபாளம், கானா, கென்யா. அடுத்து ஜீவராசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: யானை, கடலாமை, குழந்தை. ஆமை முட்டையைத் தொடுவதென்றால் கையுறை போடச் சொல்வார்கள். குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, போய் இறங்கின உடனே தூக்கிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் ஆகும். விமானச் சீட்டு தனி. டி-ஷர்ட் இலவசம்.

அதே மெல்பர்னில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டால், குழந்தைகளோடு பழகத் தகுந்தவன்தானா என்று மாநில அரசு சோதித்துச் சான்று தர வேண்டும். பிரிட்டனில் குற்றப் பதிவைத் தோண்டிப் பார்ப்பார்கள். ஆனால் கம்போடியாவின் சியம் ரீப்பில் டுக்-டுக்கில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரப் பையனிடம் அநாதை இல்லக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. எத்தனை நாள் இருப்பீர்கள், நன்கொடை டாலரில்தானே. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து நைரோபியிலிருக்கும் ஓர் இல்லத்துக்குச் சேவை செய்யப் போன, இருபது வயது நிரம்பாத இளைஞன் ஒருவனுக்கு, அங்கிருந்த பிள்ளைகளிடம் செய்த பாலியல் குற்றங்களுக்காக 2016இல் அமெரிக்க நீதிமன்றம் 40 ஆண்டு சிறை விதித்தது. அவனும் சேவைக்கென்று சொல்லித்தான் விமானம் ஏறினான். தன் ஊர்க் குழந்தையை நெருங்க ஆயிரம் சான்று கேட்கிற நாடுகள், அடுத்த கண்டத்துக் குழந்தை என்றதும் கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விடுகின்றன. ஏழை நாட்டுப் பிள்ளை பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, நம் தொண்டரின் ஒரு நாளைப் பார்ப்போம். வயது பதினெட்டுதான் என்றாலும் சேவை செய்ய வந்தவர், மரியாதையாகவே பேசுவோம்.

இடம் சியம் ரீப். அங்கோர் வாட் இருக்கிற ஊர். ஆகவே விடிவதற்கு முன்பே எழுந்து, கோயில் குளத்தருகே கூட்டத்தோடு நின்று சூரியோதயத்தைப் படம் பிடித்தாக வேண்டும். அது முடிந்து காபி. அதற்குப் பிறகுதான் அநாதைகள். இந்த ஊரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது பெரிய சௌகரியம். நெல் விளைந்தும் வறுமை தீராத பிரே வெங் மாகாணத்துப் பக்கம் தேடினால் கிடைக்காத அநாதை இல்லங்கள், விமானம் இறங்குகிற ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. நேபாளத்திலும் இதே அதிசயம். 75 மாவட்டங்களாக இருந்த நாட்டில், குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்ற ஐந்து மாவட்டங்களில் இருந்தன. காஸ்கியில் பொக்கரா ஏரி. சித்வனில் காண்டாமிருகம். மற்ற மூன்றிலும் கோயில்கள், அரண்மனைகள். ஏழைப் பெற்றோர் சாகும்போதுகூடச் சுற்றுலாத் தலமாகப் பார்த்துத்தான் சாகிறார்கள் போலிருக்கிறது.

டுக்-டுக் வாசலில் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒன்று இடுப்பில் ஏறுகிறது, ஒன்று விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தொண்டர் உருகிப்போகிறார். பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எவ்வளவு அன்பு பாருங்கள் என்று அம்மாவுக்குப் படம் அனுப்புகிறார்.

அவருடைய அம்மா யோசித்திருக்கலாம். முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்தால் நம் குழந்தை என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். கன்னத்தைக் கிள்ள வந்தால் வீல் என்று கத்தும். அதுதான் ஒழுங்காக வளர்கிற குழந்தை. 1989இல் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்த பிறகு ருமேனியாவின் காப்பகங்களுக்குள் போனவர்கள், யார் வந்தாலும் கையை நீட்டுகிற, யாரோடு வேண்டுமானாலும் எழுந்து போய்விடத் தயாராக இருக்கிற குழந்தைகளைப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு தொடங்கிய ஆய்வு, காப்பகத்திலேயே தங்கிய பிள்ளைகளையும் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு, அறிவு, உறவு கொள்ளும் திறன், மூளையின் வளர்ச்சி எல்லாமே அடிவாங்கியிருந்தன. புதியவர் மடியில் தாவி ஏறுவது அந்த அடியின் தழும்பு. தொண்டர் அதைத்தான் அன்பென்று படம் பிடித்து அனுப்புகிறார். ஊரில் லைக்குகள் குவிகின்றன.

இரண்டு வாரம் கழித்து அவர் கிளம்பிப் போவார். அழுதுகொண்டே போவார், அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. மறுநாள் இன்னொருவர் அதே டி-ஷர்ட்டில் வந்து இறங்குவார். பிள்ளைகள் அவர் காலையும் கட்டிக்கொள்ளும். அம்மா விட்டுவிட்டுப் போன ஒரு பிள்ளையை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது புதிதாக விட்டுவிட்டுப் போவதற்கு, உலகம் முழுக்க ஆள் திரட்டி, முறை போட்டு, கட்டணமும் வாங்கி அனுப்புகிறார்கள். இந்தக் கொடுமையை ஒரு மனிதன் தனியாகச் செய்தால் அவனை உள்ளே தள்ளுவார்கள்.

ஒன்பது மணிக்கு வகுப்பு. தொண்டருக்குக் கெமர் மொழி தெரியாது. அதனால் வகுப்புக்கு இடைஞ்சல் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. சிவப்பு எது, நீலம் எது, மூக்கு எங்கே, முட்டி எங்கே என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார். போன வாரம் வந்தவரும் மூக்கையும் முட்டியையும்தான் காட்டினார். அதற்கு முன் வந்தவரும் அதேதான். இப்படிப்பட்ட வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி எப்படியும் இருப்பாள், ஆண்டுக்கணக்கில் தன் மூக்கைத் தானே தொட்டுக் காட்டிக்கொண்டு. வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று, இப்போதுதான் தெரிந்துகொண்டவள்போலக் கண்களை விரிப்பாள். அந்த அறையில் தொண்டு செய்கிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்த கம்போடியர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்தப் பெண் இந்நேரம் கணக்கும் படித்திருப்பாள், கெமரும் எழுதியிருப்பாள். வைக்கமாட்டார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தொண்டர் சம்பளம் கொடுத்துவிட்டு வருகிறார்.

மத்தியானம் கட்டடப் பணி. சுவருக்கு வர்ணம் பூச வேண்டும். போன மாதம் பூசின சுவர்தான், போகட்டும். தூரிகை பிடிக்கும் விதத்தைப் பார்த்தாலே வீட்டில் ஒரு சன்னலுக்குக்கூட அடித்ததில்லை என்று தெரிகிறது. தான்சானியாவுக்குப் பள்ளித் தோழிகளோடு போய் நூலகம் கட்டிய கதையை ஓர் அமெரிக்கப் பெண் 2014இல் வெளிப்படையாக எழுதினார். பகலெல்லாம் இந்தப் பிள்ளைகள் கோணல்மாணலாகச் செங்கல் அடுக்குவார்கள். இரவில் உள்ளூர் ஆட்கள் வந்து அவற்றைப் பெயர்த்துவிட்டு ஒழுங்காக அடுக்கிவைப்பார்கள். காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கொத்தனார்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். சுவரோடு போகிற அபத்தத்தை ஒரே ராத்திரியில் சரிசெய்யலாம். குழந்தையை அப்படிப் பெயர்த்து அடுக்க முடியாது.

சாயங்காலம் நடனம். பிள்ளைகளுக்கு அப்சரா கிரீடம் வைத்து, ஜிகினா கட்டி, பயணிகள் முன்னால் ஆடவிடுகிறார்கள். ஓரத்தில் நன்கொடைப் பெட்டி. எட்டு வயதுப் பிள்ளை தன் அநாதைத்தனத்தைத் தானே ஆடிக் காட்டிச் சோறு சம்பாதிக்கிறது. குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிக என்று டி-ஷர்ட்டில் எழுதிப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011இல் ஒரு பிரசாரச் சுவரொட்டி போட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் பிள்ளைகள், சுற்றிலும் கேமராவோடு பயணிகள். பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் உறைத்தது. கொஞ்சம்தான். அப்புறம் எல்லாரும் சியம் ரீப்பின் மதுக்கடைத் தெருவான பப் ஸ்ட்ரீட்டுக்குப் போய் மலிவு விலை பீர் குடித்தார்கள்.

தொண்டர் தூங்கட்டும். அவர் கண்ணில் படாத கணக்கு ஒன்று இருக்கிறது.

கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சி 1979 சனவரியில் வீழ்ந்தது. அந்த ஆட்சியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிஜமான அநாதைகள். அவர்கள் வளர்ந்து இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். நாடு அமைதியாகி, பிழைப்பு கொஞ்சம் தேறியதும் அநாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2005இல் 154 இருந்தன. 2010இல் 269. ஐந்தே ஆண்டில் 75 சதவீத வளர்ச்சி. அவற்றுள் இருந்த பிள்ளைகள் 6,254இலிருந்து 11,945 ஆனார்கள். அதே ஐந்தாண்டில் அந்த நாட்டில் போர் இல்லை, கொள்ளை நோய் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கைதான் 14 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறியது. யுனிசெஃபும் கம்போடிய அரசும் சேர்ந்து எண்ணிப் பார்த்தபோது, இந்த இல்லங்களிலிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரிந்தது. 269இல் அரசு நடத்தியவை 21. மற்றதெல்லாம் தனியார் கருணை.

சுருக்கமாகச் சொன்னால், அநாதைகள் இருப்பதால் தொண்டர்கள் வரவில்லை. தொண்டர்கள் வருவதால் அநாதைகள் வேண்டியிருக்கிறது. சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் வியாபாரி சும்மா இருப்பானா? கிராமத்துக்கு ஆள் அனுப்புகிறான்.

அந்த ஆள் கத்தியோடு வருவதில்லை. கனிவாகப் பேசுகிறவன், பெரும்பாலும் தெரிந்தவன், சில நேரம் தூரத்துச் சொந்தம். குடிசை வாசலில் உட்கார்ந்து, "பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? பட்டணத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள், மூன்று வேளை சோறு, வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள்" என்கிறான். தாய் கடனில் இருக்கிறாள். புருஷன் தாய்லாந்துக்குக் கூலிக்குப் போயிருக்கிறான். பள்ளிக்கூடம் இலவசம் என்று பெயர், ஆசிரியருக்குக் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும். இவள் பிள்ளையைத் தொலைக்கவில்லை, விற்கவில்லை, படிக்க அனுப்புகிறாள். நம் அப்பாக்கள் நம்மை விடுதியில் சேர்த்தார்களே, அதே நினைப்போடு அனுப்புகிறாள். பட்டணத்தில் பிள்ளை இறங்கியதும் அவள் செத்துப்போகிறாள், காகிதத்தில்.

நேபாளத்தில் இது இன்னும் பச்சையாக நடந்தது. 1996இலிருந்து 2006 வரை மாவோயிஸ்ட் போர். வடமேற்கு மூலையில், அப்போது சாலையே இல்லாத ஹும்லா மாவட்டத்துப் பெற்றோரிடம், பிள்ளைகளைச் சண்டையிலிருந்து காப்பாற்றிப் படிக்கவைக்கிறோம் என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு, காத்மாண்டுக்கு இறக்கினார்கள். அங்கே போலி ஆவணங்களில் பிள்ளைகள் அநாதைகளானார்கள். பின்னால் அந்த மலைகளில் ஏறி இறங்கித் தேடியவர்கள், செத்துப்போனதாக எழுதப்பட்டிருந்த தாய் தகப்பன்மாரை அவரவர் வீட்டு வாசலிலேயே கண்டார்கள். காகிதத்தில் செத்தவர்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. கம்போடியாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு 2024இல் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 204 டாலர். தொண்டர் இரண்டு வாரம் அவள் பிள்ளையின் மூக்கைத் தொட்டுக் காட்டக் கட்டிய பணம் அவளுக்கு அரை வருஷச் சம்பளம். அதை அவள் கையிலேயே கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டில் இருந்திருக்கும். ஆனால் தாயோடு இருக்கிற பிள்ளையை யார் வந்து பார்ப்பார்கள்?

அதனால்தான் பிள்ளை நன்றாக இருந்துவிடவும் கூடாது. கன்னம் உப்பினால் நன்கொடை வற்றும். போன தடவை வந்தவர் வாங்கிக் கொடுத்த செருப்பு எங்கே என்று கேட்கக் கூடாது. கடைக்குத் திரும்பிப் போயிருக்கும். பிள்ளைகளை வேண்டுமென்றே அழுக்கிலும் அரைப்பட்டினியிலும் வைத்திருந்த இல்லங்களைப் பற்றிக் கம்போடியாவிலும் நேபாளத்திலும் மீட்புப் பணி செய்தவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கிழிந்த சட்டையைப் பார்த்துத்தான் தொண்டர் பர்ஸைத் திறக்கிறார். சட்டையைக் கிழித்தது தன் பர்ஸ்தான் என்று அவரிடம் யார் சொல்வது?

இவர்களைவிட ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. மூக்கு, முட்டியோடு நிற்காமல் சிகிச்சைக்கே இறங்கியவர்கள். அமெரிக்காவில் பள்ளி முடித்து, மருத்துவப் படிப்பு எதுவுமில்லாமல் உகாண்டாவின் ஜிஞ்ஜா நகருக்குப் போன ஓர் இளம்பெண், கடவுள் அழைத்தார் என்று சொல்லி அங்கே ஒரு நிலையம் தொடங்கினார். 2010இலிருந்து 2015 வரை கடுமையான ஊட்டச்சத்துக் குறைவோடு 940 குழந்தைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். 105 பேர் இறந்தார்கள். 2019இல் இரண்டு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். தான் மருத்துவராக நடந்துகொள்ளவில்லை என்று அந்தப் பெண் மறுத்தார். அடுத்த ஆண்டு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, ஆளுக்குச் சில ஆயிரம் டாலரோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது. படம் அப்படியே திருப்பிப் போடப்பட்டால் எப்படியிருக்கும்? மருத்துவம் படிக்காத இருபது வயது உகாண்டாப் பெண் ஒருத்தி அந்தப் பெண்ணின் மாநிலமான வர்ஜீனியாவில் போய்க் குழந்தைகள் நிலையம் திறந்து, அதில் ஒரே ஒரு குழந்தை இறந்திருந்தால்?

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குற்றச்சாட்டு என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் குவெர்னவாகாவில் வாழ்ந்த இவான் இலிச் என்ற பாதிரியார், ஏழைகளுக்கு உதவக் கோடை விடுமுறையில் மெக்சிகோ போகவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் 1968இல் எழுந்து, உங்கள் நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம், உதவ வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கூட்டிவந்து பேசச் சொன்னவர்களே அவர்கள்தான். பேச்சு அச்சிடப்பட்டு உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. அதைப் படித்துத் தேறிய பிள்ளைகள் விடுமுறை விட்டதும் கம்போடியாவுக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

தொண்டரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் ஒரே பதில்தான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட ஏதாவது செய்வது மேல் இல்லையா? இல்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிற எல்லாரும் ஏதாவது செய்யலாம் என்று உள்ளே நுழைவதில்லை. பிள்ளைகள் சிரித்தார்களே என்பார். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அதுதானே அவர்கள் வேலை. நான் நிறையக் கற்றுக்கொண்டேன் என்பார். இது ஒன்றுதான் முழு உண்மை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பாட்டிகள் சொன்னதை வெள்ளைக்காரப் பெற்றோர் எப்படியோ எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டார்கள். ஊரான் பிள்ளைக்கு இரண்டு வாரம் ஊட்டினால் தன் பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம் தானே வளர்கிறது. தலைமைப் பண்பு, உலகப் பார்வை, கருணை உள்ளம் என்று மூன்று பத்தி எழுதலாம்.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, பத்து வருஷம் காலையில் எழுப்பிவிடுகிற அதே முகம். காய்ச்சலில் திட்டிக்கொண்டே கஞ்சி தருகிற அதே குரல். அது சொந்தத்தில் ஓர் அத்தையாக இருக்கலாம், ஊரில் ஒரு வளர்ப்புக் குடும்பமாக இருக்கலாம். விசா முடிகிற தேதியோடு வருகிறவருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை.

சட்டங்கள் மெதுவாக விழித்துக்கொள்கின்றன. இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கொண்டுவருவதும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகைதான் என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் சொன்னது. இந்த இல்லங்களில் தொண்டு என்ற பெயரில் நடக்கிற சுற்றுலாவின் தீங்கை ஐ.நா. பொதுச்சபை 2019இல் தீர்மானத்தில் எழுதியது. கம்போடிய அரசும் பிள்ளைகளை வீடு சேர்க்கத் தொடங்கியது. தொண்டர்களை அனுப்பும் பெரிய ஏஜென்சிகளில் சில, அநாதை இல்லங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தன. மற்றவை பெயரை மாற்றிக்கொண்டன. அநாதை இல்லம் என்று போட்டால்தானே கேள்வி வருகிறது? குழந்தைகள் கிராமம், கல்வி மையம், நம்பிக்கை வீடு என்று பலகையை மாற்றினால் போயிற்று.

2020 மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. கென்ய அரசு, காப்பகங்களிலிருக்கும் பிள்ளைகளை அவரவர் குடும்பத்துக்கு அனுப்பிவைக்கச் சொன்னது. அநாதைக்கு ஏது குடும்பம் என்று காப்பகக்காரர்கள் அலறியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இறந்துபோயிருந்த அப்பாக்களும் அம்மாக்களும் ஒரே வாரத்தில் உயிர்த்தெழுந்தார்கள். ஏசுநாதரே ஒருவரைத்தான் நான்காம் நாளில் எழுப்பினார்.

நல்லவேளை, நாம் அப்படியெல்லாம் இல்லை என்று பெருமூச்சு விட வேண்டாம். நமக்கு விமானம் ஏற வேண்டிய செலவுகூட இல்லை. ஆட்டோவில் போகிற தூரத்தில் இல்லம் இருக்கிறது. பையனுக்கு முதல் பிறந்தநாள் என்றால் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு. வடை, பாயசம், ஒரு கேக். பெற்றவர்கள் இல்லாத, அல்லது இருந்தும் தூரத்தில் இருக்கிற அறுபது பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, அப்பா தோளில் அம்மா கைபிடித்து நிற்கிற ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாடச் சொல்கிறோம். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். போட்டோக்காரர் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் படத்தை, அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாயசத்தோடு படம் போட்ட எத்தனை பேருக்கு இது தெரியும்? இப்போது சென்னையிலும் கோவையிலும் பெரிய பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளையை வெளிநாட்டுப் படிப்புக்குத் தயார்செய்யச் சேவை அனுபவம் வேண்டும் என்று கேட்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் விட்டுப்போகிற டி-ஷர்ட் நம் பிள்ளைக்கு அளவாகத்தான் இருக்கும்.

ஆகவே, மகளோ மகனோ கம்போடியாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று வந்து நின்றால், போகட்டும். அங்கோர் வாட்டை ஒரு வாரம் பார்க்கட்டும், ஒரு வாரம் போதாது. உள்ளூர்க்காரர் நடத்துகிற விடுதியில் தங்கட்டும், டுக்-டுக் ஓட்டுநரிடம் பேரம் பேசாமல் காசு கொடுக்கட்டும். பிள்ளைகள் இருக்கிற வாசலுக்கு மட்டும் போக வேண்டாம். கொடுக்கப் பணம் இருந்தால், பிள்ளையை அதன் வீட்டிலேயே வைத்துத் தாய்க்குப் பிழைப்புக்கு வழிசெய்கிற அமைப்பாகத் தேடிக் கொடுங்கள். அங்கே உங்கள் மகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளை தரமாட்டார்கள். அப்படித் தரமறுக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.